பெடல் அடிக்கும் இரண்டு வண்டிகள்: அம்பாசடர் டிரம்மும் மாருதி 800 டிஸ்க்கும்

ஓடுகிற வண்டியில் பிரேக்கை மிதித்ததும் பாதத்துக்கு அடியில் பெடல் ஏறி ஏறி இறங்கினால், வடசென்னை ஷெட்டுகளில் அதற்கு ஒரே பேச்சுதான்: "பெடல் அடிக்குது." வைத்தியமும் பெரும்பாலும் கையோடு தயாராக இருக்கும். "டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு சார், லேத்துல குடுத்து எடுத்துடலாம்." முன்சக்கரத்தில் டிஸ்க் இல்லாத பழைய வண்டி என்றால் "டிரம் ஓவல்" என்பார்கள். இரண்டு பதிலும் சில நேரம் முழுக்கச் சரி. பல நேரம் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தேடாமல் சக்கரத்தைப் பூட்டி அனுப்புவதால்தான், லேத்துக்குப் போய்வந்த வண்டி சில மாதம் நன்றாக ஓடிவிட்டு அதே பெடலோடு திரும்பி வருகிறது.

அந்த மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. ஒன்று, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள பழைய பெட்ரோல் அம்பாசடர். மற்றது, முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் உள்ள மாருதி 800. முதலாவது 1950களின் பிற்பகுதியிலிருந்து வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவானது. இரண்டாவது 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து வெளியே வந்தது. இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றது: 800 ஜனவரியில், அம்பாசடர் மே மாதத்தில். ஆக, இன்று தெருவில் நிற்பதில் மிக இளைய வண்டிக்கும் பத்து வயதுக்கு மேல். பிற்காலத்தில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வைத்து வந்த அம்பாசடர்களும் உண்டு. அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

வடசென்னையின் காலடிப்பேட்டையை வைத்து இதைப் பேசக் காரணம் உண்டு. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை; பெயின்ட் அடிக்க முடியாத இரும்பு பிரேக்கில்தான் அதிகம். ஒரு பக்கம் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் விரைவுச் சாலை. இந்த இரண்டிலும் கார் ஓட்டுவது என்றால் நகர்வது, நிற்பது, பெடலில் காலை வைத்தபடி காத்திருப்பது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது. அதன் பிறகு பலர் வேலைக்கு ரயிலில் போகிறார்கள், பழைய கார் வாரக்கணக்கில் வாசலிலேயே நிற்கிறது. ஓடித் தேய்கிற வண்டிக்கு ஒருவிதமான பிரேக் கோளாறு, நின்று துருப்பிடிக்கிற வண்டிக்கு வேறுவிதமான கோளாறு. இந்தப் பகுதியில் இரண்டும் ஒரே தெருவில் கிடைக்கும்.

இந்தப் பகுதியின் கைத்தேர்ச்சி பெரும்பாலும் கனரக வண்டியில் வளர்ந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எண்ணூரில் அசோக் லேலண்ட், சுற்றிலும் லாரிப் பட்டறைகள். லாரியில் இருப்பதும் டிரம்தான். ஆனால் அதை இயக்குவது காற்று. அங்கே பெடல் என்பது காற்றைத் திறந்துவிடும் ஒரு வால்வு. டிரம் எவ்வளவு ஓவலானாலும் அந்தத் துடிப்பு காலுக்கு வராது. வண்டியின் உடம்பு குலுங்குவதை வைத்துத்தான் டிரைவர் கண்டுபிடிப்பார். காரில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது எண்ணெய். அது அமுங்காது. சக்கரத்தில் நடப்பதை அப்படியே காலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். லாரியில் கைதேர்ந்தவர்கூடக் காரின் பெடல் சொல்வதை வேறு காதால் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பெடல் எதைச் சொல்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. மிதித்த பெடல் திரும்ப மேலே தள்ளப்பட வேண்டுமானால், சக்கரத்தின் பக்கமிருந்து கொஞ்சம் பிரேக் ஆயில் மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பி வர வேண்டும். சக்கரத்து பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டால்தான் அது வரும்.

800-இன் டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். டிஸ்க் இடமும் வலமுமாக ஆடுகிறது, ஆனால் சுற்றிலும் ஒரே தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேலிபர் பின்னில் வழுக்கி நகரக்கூடியது. டிஸ்க் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கேலிபர் கூடவே சாயும். இரண்டு பேடுக்கும் நடுவே உள்ள தூரம் மாறாது. எண்ணெய் திரும்பி வராது. பெடல் பேசாமல் இருக்கும். மாறாக, டிஸ்க் துளியும் ஆடாமல் ஒரு இடத்தில் மட்டும் தடிமன் கூடியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் பேடுகளை விலக்கும். பிஸ்டன் உள்ளே போகும். பெடல் அடிக்கும்.

இப்போது அம்பாசடர் டிரம். டிரம் சுத்த வட்டம், ஆனால் ஹப்பில் நடுத் தப்பி உட்கார்ந்திருக்கிறது என்போம். சுற்றும்போது ஒரு ஷூவை உள்ளே தள்ளும், எதிர் ஷூவுக்கு அதே அளவு இடம் விடும். ஒரு பக்கம் வெளியேறும் எண்ணெயை மறுபக்கம் வாங்கிக்கொள்ளும். வண்டி இழுத்து இழுத்து நிற்கலாம், ஆனால் பெடலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. டிரம் ஓவலாகிவிட்டால் கதை வேறு. குறுகிய விட்டம் வரும்போது இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் உள்ளே தள்ளப்படும். எண்ணெய் போக வேறு இடமில்லை. நேரே காலுக்கு வரும்.

இரண்டு அமைப்புக்கும் உருவத்தில் ஒற்றுமை கிடையாது. இருந்தாலும் விதி ஒன்றே: உராயும் பரப்புகளுக்கு இடையே உள்ள தூரம் மாறினால் பெடல் அடிக்கும், எல்லாம் சேர்ந்து இடம் பெயர்ந்தால் அடிக்காது. டிஸ்க்கின் ஆட்டமும் டிரம்மின் நடுத்தப்பும் ஒரு இனம். டிஸ்க்கின் தடிமன் வேறுபாடும் டிரம்மின் ஓவலும் இன்னொரு இனம். "பெண்டு" என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போய்விடும்.

தடிமன் வேறுபாடு எவ்வளவு இருந்தால் கால் உணரும்? 0.02 மி.மீ. போதும். சாதாரணத் தாளின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. இது நம்ப முடியாததாகத் தோன்றும். கேலிபர் பிஸ்டனின் பரப்பு மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைப்போல் ஏழு மடங்கு, பெடல் நெம்பு நான்கு மடங்கு என்று ஒரு தோராயம் வைத்துக் கணக்குப் போட்டால், சக்கரத்தில் 0.02 என்பது பெடலில் அரை மி.மீ.க்கு மேல். அதுவும் நொடிக்குப் பல முறை.

நொடிக்கு எத்தனை முறை என்பதே ஒரு சோதனை. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அம்பாசடரின் 15 அங்குலச் சக்கரம் நொடிக்குச் சுமார் 8 சுற்று சுற்றும். 800-இன் 12 அங்குலச் சக்கரம் 10 சுற்றைத் தாண்டும். தடிமன் கூடிய இடம் ஒன்றே ஒன்று உள்ள டிஸ்க் சுற்றுக்கு ஒரு அடி கொடுக்கும். ஓவல் டிரம் சுற்றுக்கு இரண்டு அடி, ஏனென்றால் குறுகிய விட்டம் ஒரு சுற்றில் இரண்டு முறை ஷூக்களுக்கு நேரே வருகிறது. வேகத்தில் இதை எண்ண முடியாது. ஆள் நடக்கும் வேகத்துக்கு வண்டியை விட்டு, ஒருவர் பெடலை இலேசாக மிதித்துக்கொள்ள, டயரில் சாக்பீஸ் கோடு போட்டு மற்றவர் வெளியே நடந்து பார்த்தால் எண்ணலாம். கோடு ஒரு முறை கீழே வரும்போது பெடல் இரண்டு முறை எழுந்தால் டிரம்மைச் சந்தேகிக்கலாம். அம்பாசடரில் இந்தச் சோதனை நன்றாகப் பேசும். 800-இல் முன்டிஸ்க் துடிப்பு இவ்வளவு மெதுவில் பெரும்பாலும் மறைந்துவிடும். அது 70, 80 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடிக்கும்போதுதான் ஸ்டீயரிங்கையும் சேர்த்துக் குலுக்கும். அந்த வேகத்தை எண்ணூர் விரைவுச் சாலையில் முயலக் கூடாது. மீஞ்சூர் பக்கம் போய் வெளிவட்டச் சாலையில், விடியற்காலையில், பின்னால் வண்டி இல்லாதபோது செய்யலாம்.

முன்னா பின்னா என்று பிரிப்பதற்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது. இரண்டு வண்டியிலும் அது பின்டிரம்மை மட்டுமே பிடிக்கும். எண்ணெய் வழியாக இல்லாமல் கம்பி வழியாக. ஆளில்லாத நேரான சாலையில் 25 கி.மீ. வேகத்தில், லாக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுக்க வேண்டும். வண்டி விட்டுவிட்டு இழுத்தால் குற்றவாளி பின்னால். சீராக நின்றால் முன்னால். 800-இல் இது உறுதிப்படுத்தும் சோதனை மட்டுமே, ஏனென்றால் அங்கே ஸ்டீயரிங் ஏற்கெனவே பாதி சொல்லிவிட்டிருக்கும். அம்பாசடரிலோ முன்னும் பின்னும் ஒரே மாதிரி டிரம், ஸ்டீயரிங் பாக்ஸிலும் கிங்பின்னிலும் வயதுக்கேற்ற ஆட்டம். அதில் ஸ்டீயரிங் குலுங்குவதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. ஹேண்ட்பிரேக் சோதனையைத் தவிர்த்துவிட்டு அம்பாசடரில் நான்கு டிரம்மையும் கழற்றுவது நேர விரயம்.

பிரேக் மிதிக்காதபோதும் குலுங்கினால் அது இந்தக் கட்டுரைக்குள் வராது. டயரில் வீக்கமா, வீல் பேலன்ஸா என்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு இரண்டு வண்டிக்கும் வழி பிரிகிறது. 800-இல் முதலில் கையால் ஹப்பை ஆட்டி பேரிங் பார்த்துவிட வேண்டும். பேரிங்கில் பிளே இருந்தால் பிறகு அளக்கிற அளவு எதற்கும் மதிப்பில்லை. வீல் நட்டுகளைத் திரும்ப முறுக்கி டிஸ்க்கை ஹப்போடு இறுக்கி, டயல் கேஜை டிஸ்க்கின் வெளி விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். முள் ஆடுகிற அளவு வண்டிக்கு வண்டி மாறும். பல கையேடுகள் 0.10 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் எல்லை வைக்கின்றன. இது ஆட்டம். இதற்கு அடுத்ததுதான் பலர் செய்யாமல் விடுவது: மைக்ரோமீட்டரை எடுத்து, சுற்றிலும் எட்டு இடத்தில் சாக்பீஸால் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் தடிமனை எழுதிக்கொள்வது. வெர்னியர் போதாது. விளிம்பில் துருவால் எழும்பிய உதட்டின் மேல் அது உட்கார்ந்து பொய் சொல்லும். எட்டு எண்களில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவதுதான் பெடலில் அடிப்பது. ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடம் இல்லாமல் டிஸ்க்கை லேத்துக்கு அனுப்புகிறவர் எதைச் சரிசெய்யச் சொல்லி அனுப்புகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த இரண்டு அளவும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. அதில்தான் திரும்பி வரும் வண்டிகளின் விடை இருக்கிறது. ஹப்பின் முகத்தில் துருப் பொருக்கு இருக்கிறது; அதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புத்தம்புது டிஸ்க்கைப் பூட்டுகிறார்கள். டிஸ்க் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். தடிமன் எங்கும் ஒன்றே என்பதால் பெடல் அமைதி. வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. ஆனால் பிரேக் மிதிக்காமல் ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கி.மீ. ஆனதும் அந்த இடம் தேய்ந்து மெலியும். ஆட்டமாக இருந்தது தடிமன் வேறுபாடாக மாறிவிட்டது. இப்போது பெடல் அடிக்கிறது. "டூப்ளிகேட் டிஸ்க் போட்டுட்டாங்க" என்று கடைக்காரர்மேல் பழி விழும். பழுது ஹப்பின் முகத்தில் இருக்கிறது. வீல் நட்டுகளை எதிரெதிராக முறுக்காமல் ஒரே பக்கமாக முறுக்கினாலும் இதே கதைதான். கடலோரத்தில் ஹப் துரு எப்படியும் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்: கம்பி பிரஷும் எமரியும் போட்டு இரும்பின் நிறம் தெரியும்வரை தேய்த்துவிட்டு, அதன் பிறகுதான் புது டிஸ்க்.

இன்னொரு வகையும் உண்டு. வேகத்திலிருந்து அழுத்திப் பிடித்து டிஸ்க்கைக் கொதிக்கவைத்துவிட்டு, சிக்னலில் பெடலை விடாமல் நின்றால், பேடின் பொருள் டிஸ்க்கில் பேடின் அச்சாகவே ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் தடிமன் கூடும், பிடிப்பும் மாறும். மேலும் மேலும் சூடேறினால் அங்குள்ள வார்ப்பிரும்பின் அமைப்பே மாறிக் கெட்டிப்படும். அதன் பிறகு லேத்துக் கத்திகூட அந்தத் திட்டில் துள்ளும்.

அம்பாசடர் டிரம்மில் சூட்டின் வேலை வேறு. நன்றாகக் கொதித்த டிரம்மை ஹேண்ட்பிரேக் போட்டு இறுக்கி நிறுத்தினால், இரண்டு ஷூவும் இரண்டு பக்கம் நெட்டித் தள்ளியபடியே டிரம் ஆறும். பின்டிரம் ஓவலாவதற்கு இது பழைய, நன்கு தெரிந்த காரணம். முன்டிரம்மில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வீல் சிலிண்டர். முன்னோக்கி ஓடும்போது இரண்டு ஷூவையும் டிரம்மே தன்னோடு இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும். பூஸ்டர் இல்லாத வண்டியை நிறுத்தியதே இந்த ஏற்பாடுதான். ஆனால் அதே ஏற்பாடு சின்னக் குறையையும் பெரிதாக்கும். ஒரே 0.1 மி.மீ. பின்டிரம்மில் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும், முன்டிரம்மில் வண்டியையே உதறும்.

டிரம்மை அளக்க உள்விட்டம் பார்க்கும் கேஜ் வேண்டும். ஒரு விட்டத்தை எடுத்து, 45 பாகை திருப்பி அடுத்ததை எடுத்து, நான்கு விட்டங்களை ஒப்பிட வேண்டும். கேஜ் கைக்குக் கிடைக்காவிட்டால் ஒரு எளிய முன்சோதனை உண்டு: சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டேண்டில் நிறுத்தி, டிரம்மில் உள்ள துளை வழியே ஸ்குரூ டிரைவரை விட்டு ஷூவை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டே கையால் சுற்றுவது. வட்டமான டிரம்மில் உரசல் சத்தம் முழுச் சுற்றுக்கும் சீராகக் கேட்கும். ஓவல் டிரம்மில் சுற்றுக்கு இரண்டு இடத்தில் மட்டும் "ஸ்ர்... ஸ்ர்..." என்று வந்து போகும். 800-இன் முன்சக்கரத்தில் இப்படி ஒரு கைச்சோதனைக்கு வழியில்லை. கண்ணுக்கும் கைக்கும் தெரியாத அளவுகள் அவை. அம்பாசடர் மெக்கானிக் கையால் அறிந்ததை 800 மெக்கானிக் மைக்ரோமீட்டரால்தான் அறிய முடியும். பழைய அனுபவம் புதிய வண்டியில் செல்லாமல் போன இடம் இது.

நின்று துருப்பிடித்த வண்டிகளில் இரண்டும் மறுபடி ஒன்றுபோலாகின்றன. மழைக்காலத்தில் மூன்று நான்கு வாரம் நின்ற 800-இல் பேடுக்கு அடியில் ஈரம் தங்கி, டிஸ்க்கில் பேடின் உருவிலேயே கறுத்த திட்டு விழும். மற்ற இடத்துத் துரு நாலு மிதியில் துடைத்துக்கொண்டு போய்விடும், இந்தத் திட்டு போகாது. அம்பாசடரில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்சை விட்டதும் "டொக்" என்று விடுபட்ட பிறகு லைனிங் உருவில் ஒரு துருப் பட்டை மீதமிருக்கும். வாரம் ஒரு முறை நாலு தெரு சுற்றி வருவதும், நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதும் இரண்டு வண்டிக்கும் நல்லது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர், எர்ணாவூர்த் தெருக்களில் படிந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நீரில் நின்ற வண்டியில் டிஸ்க்கையும் டிரம்மையும் துடைத்து மீட்கலாம். எண்ணெய் குடித்த பேடையும் லைனிங்கையும் மீட்க முடியாது. வெயிலில் காயவைத்தும் பெட்ரோலில் கழுவியும் பார்ப்பவர்கள் உண்டு. உள்ளே ஊறியது சூடேறும்போது வெளியே வரும், ஒரு சக்கரம் மட்டும் கவ்வும். மாற்றிவிடுவதுதான் வழி, அதுவும் வலது இடது இரண்டையும் சேர்த்து. அம்பாசடரில் பழைய லைனிங்கைத் திறக்கும்போது கம்பிரசர் காற்றை அடித்துத் தூசி கிளப்பவே கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது, அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஷெட்டில் வேலை பழகும் சின்னப் பையன்களுக்கு இதை யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

லேத்தா, புதுசா என்ற கேள்வியில் இரண்டு வண்டிக்கும் என் பதில் நேரெதிர். 800 டிஸ்க் மெல்லியது, திடமான ஒற்றைத் தகடு. கடைந்தால் சூட்டைத் தாங்கும் இரும்பு குறைந்து, அடுத்த கொதிப்பில் இன்னும் சீக்கிரம் கெடும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அளவை வைத்துப் பார்த்தால் பழைய டிஸ்க்கில் கடைவதற்கு மிச்சமே இருக்காது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது டிஸ்க் கிடைக்கும்வரை 800-க்குப் புது ஜோடி, புது பேடு, துரு நீக்கிய ஹப், கிரீஸ் போட்டு வழுக்கும்படி செய்த கேலிபர் பின். பிறகு 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை எட்டுப் பத்து முறை, முழுக்க நிற்காமல், இடையில் ஆறவிட்டுப் பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும்.

அம்பாசடர் டிரம் கனமான வார்ப்பு. அது கடைசலைத் தாங்கும், கனரக வேலையில் பழகிய லேத்துகளுக்கும் இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. ஆனால் ஹப்போடு சேர்த்துப் பூட்டிக் கடைய வேண்டும். டிரம்மைத் தனியே கடைந்தால் ஓவல் போய் நடுத்தப்பு வந்துவிடலாம். விட்டம் கூடியதற்கு ஏற்றபடி லைனிங்கின் வளைவையும் தேய்த்துப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் நடுப் பகுதி மட்டும் பிடித்து இரண்டு ஓரமும் சும்மா இருக்கும். வலதுக்கு எவ்வளவு கடைந்தோமோ ஏறக்குறைய அதே அளவு இடதுக்கும். எல்லை விட்டத்தைத் தாண்டிவிட்ட டிரம்மைக் கைவிட வேண்டும், என்ன ஆசை இருந்தாலும். மாற்று டிரம்முக்கு இப்போது புதுப்பேட்டைதான் நம்பிக்கை. அங்கே போகும்போது உள்விட்ட கேஜைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே நான்கு விட்டமும் அளந்து பார்த்த பிறகு காசு கொடுக்கலாம்.